மெதுவாக ஓடத் தெரியாத பிள்ளைகள்

இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வு முடிவு வந்த மறுநாள், எந்தச் சிற்றூர் அரசுப் பள்ளி மைதானத்துக்கும் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். ஐந்து மணிக்கே கூட்டம் நிற்கும். அதுவரை மாதக்கணக்கில் பொது அறிவுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள். ஒருவன் கையில் செல்போன், அதில் ஸ்டாப் வாட்ச். "ரெடி, கோ" என்றதும் முதல் ரவுண்டை உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். இரண்டாவது ரவுண்டில் தோள்பட்டை ஏறிக் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். மூன்றாவதில் ஒருவன் விலாவைப் பிடித்துக்கொண்டு நடப்பான், இன்னொருவன் கோல்போஸ்ட்டில் சாய்ந்து வாந்தி எடுப்பான். மறுநாளும் அதே நேரம், அதே ஓட்டம், அதே வாந்தி. கேட்டால், "உடம்பு பழகிரும் டீச்சர்" என்பார்கள்.

பழகாது. புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலை முடிந்தாலும் காலையில் மைதானத்துக்குப் போகும் பழக்கம் விடவில்லை. அங்கே பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்: நம் பிள்ளைகளுக்கு வேகமாக ஓடத் தெரிகிறது. மெதுவாக ஓடத்தான் தெரியவில்லை. பிசிக்கல் என்கிற உடற்தகுதித் தேர்வில் அவர்களைத் தோற்கடிப்பது அதுதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். 400 மீட்டர் டிராக்கில் அது மூன்றே முக்கால் ரவுண்டு. ஒரு ரவுண்டுக்கு 112 விநாடி, அதாவது நூறு மீட்டருக்கு 28 விநாடி. பஸ்ஸைப் பிடிக்க ஓடும் எவரும் இதைவிட வேகமாகத்தான் ஓடுகிறார். இந்தத் தூரத்தின் உலக சாதனை 3 நிமிடம் 26 விநாடி. மொராக்கோவின் ஹிஷாம் எல் குவெரூஜ் 1998இல் ரோம் நகரில் ஓடியது. நாம் கேட்பது அதைப்போல இரண்டு மடங்கு நேரம். ராணுவத்துக்கு ஆளெடுக்கும் முகாமில் கதை வேறு. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடித்தால்தான் முழு மதிப்பெண். ரவுண்டுக்கு 82 விநாடி சொச்சம். அது உண்மையிலேயே வேகம். ஆனால் காவலர் தேர்வின் 28 விநாடி வேகம் இருபது வயதுப் பிள்ளை யாருடைய காலிலும் இருக்கிறது. அந்த வேகத்தை ஏழு நிமிடம் இழுத்துப் பிடிக்கும் தம்தான் இல்லை.

அந்தத் தம் எங்கிருந்து வருகிறது? நூறு மீட்டர் ஓடும்போது தசை தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் சரக்கைக் கொண்டு சமாளித்துவிடும். மூச்சு பெரிதாகத் தேவைப்படாது. 1,500 மீட்டருக்கு அது நடக்காது. அதற்குச் செலவாகும் ஆற்றலில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் உள்ளிழுக்கும் ஆக்சிஜனைக் கொண்டுதான் உண்டாகிறது. ஆக, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூட வேண்டும். தசைக்குள் ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்கள் பெருக வேண்டும். அந்த ஆக்சிஜனை எரித்துச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியா, பத்தாம் வகுப்பில் படித்தோமே அதேதான், எண்ணிக்கையில் கூட வேண்டும். இவை எல்லாம் நீண்ட நேரம், நிதானமாக, மாதக்கணக்கில் ஓடினால் வளர்பவை. தினமும் ஏழெட்டு நிமிடம் செத்துப் பிழைப்பதால் வளர்வது சொற்பம்.

நம் மைதானங்களில் பயிற்சி என்ற பெயரில் நடப்பது பயிற்சியே இல்லை, தினசரித் தேர்வு. 1,500 ஓடுவது, டைமிங் பார்ப்பது, நேற்றைவிட மூன்று விநாடி குறைந்தால் குதிப்பது, கூடினால் முகத்தைத் தொங்கப்போடுவது. முதல் பத்து நாளில் டைமிங் குறையத்தான் செய்யும். அதுதான் வினையே, ஏனென்றால் அந்தப் பத்து நாள் பையனுக்கு நம்பிக்கை கொடுத்துவிடுகிறது. பிறகு டைமிங் நின்றுவிடும். "இன்னும் முக்கணும் போல" என்று இன்னும் முக்குவான். மூன்றாவது, நான்காவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பு வலிக்க ஆரம்பிக்கும்.

இந்த வலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கு அவ்வளவு அவசரம் கிடையாது. புதிய பாரம் ஏறும்போது, பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுப் பூச்சு பூசுகிற கொத்தனாரைப்போல, உடல் முதலில் எலும்பின் பழைய பகுதியைக் கரைத்து எடுக்கிறது. பிறகுதான் புதியதை வைத்து நிரப்புகிறது. நிரப்பி முடிக்க மாதங்கள் ஆகும். இடையில் சில வாரங்கள் எலும்பு முன்பிருந்ததைவிட நலிந்தே இருக்கும். சரியாக அந்த வாரங்களில்தான் நம் பையன் தார் ரோட்டில், தேய்ந்துபோன கேன்வாஸ் ஷூவோடு, தினமும் முழு வேகத்தில் அடித்துக்கொண்டிருப்பான். புதிதாகப் படையில் சேர்ந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை பிரைதாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர் 1855இலேயே எழுதிவைத்துவிட்டார். எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு நாற்பது ஆண்டு முந்தைய விஷயம். பின்னாளில் படம் எடுத்துப் பார்த்தபோதுதான் அது எலும்பில் விழுந்த மெல்லிய விரிசல் என்று தெரிந்தது. பழக்கமில்லாத காலை ஒரேயடியாக ஓட்டினால் என்ன ஆகும் என்பது உலகத்து ராணுவங்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. ராணுவத்தில் சேரத் துடிக்கும் பிள்ளைக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

எலும்பு நெடுக மந்தமாக வலித்தால் அது பெரும்பாலும் தசையும் எலும்பின் மேலுறையும் உரசிக் கோபித்துக்கொள்வது. ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரே இடத்தில், விரல் நுனி வைத்து அழுத்தினால் 'சுரீர்' என்றால், படுத்திருக்கும்போதும் வலித்தால், ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். படத்தில் ஒன்றுமில்லை என்று மறுபடி ஓடக் கூடாது. எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனிடம் அவனுடைய பயிற்சி மையத்தில் "வலியோட ஓடினாத்தான் வலி போகும்" என்றார்களாம். தைலம் தேய்த்து, கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஓடினான். பிசிக்கல் நாளன்று இரண்டாவது ரவுண்டைத் தாண்டவில்லை. எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் வாங்கியிருந்தவன்.

மெதுவாக ஓடச் சொல்வது இந்தக் கிழவி கண்டுபிடித்ததல்ல. நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்றொருவர், ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், ஆக்லாந்தில் தன் அக்கம்பக்கத்துப் பையன்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். அவர்களில் பீட்டர் ஸ்னெல் ஓடியது 800 மீட்டர், இரண்டே ரவுண்டு. அந்த இரண்டு ரவுண்டுக்காக அவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் வைட்டாகெரே மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓடவைத்தார் லிடியார்ட். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 21 வயது ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். அதே நாளில், அதே பயிற்சியாளரின் இன்னொரு மாணவரான மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரில் தங்கம். மாரத்தானில் வெண்கலம் வாங்கிய பேரி மேகியும் அவர் மாணவர்தான். நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் ஸ்னெல் 800, 1,500 இரண்டிலும் ஜெயித்தார். லிடியார்ட் வேகப் பயிற்சியை ஒதுக்கியவர் அல்லர். முதலில் மாதக்கணக்கில் தூரம், பிறகு மேடு, கடைசியில்தான் வேகம் என்று வரிசை வைத்தார். நம் மைதானத்தில் முதல் இரண்டும் காணாமல்போய் மூன்றாவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. பிற்காலத்தில் நார்வேயில் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர், துடுப்புப் படகு, பனிச்சறுக்கு, ஓட்டம் என்று பல விளையாட்டுகளின் முன்னணி வீரர்களுடைய பயிற்சிக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவர்கள் நூற்றுக்கு எண்பது பங்கு நிதானமாகவே பயிற்சி செய்கிறார்கள் என்றார்.

ஜாம்பவான்களே எண்பது பங்கு நிதானமாக ஓடும்போது, ஓடத் தொடங்கி ஒரு வாரமான பையன் நூறு பங்கும் வெறியோடு ஓடுகிறான்.

நான் சொல்லிக்கொடுப்பது எளிது. பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். ஆள் இல்லையென்றால் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு ஓடச் சொல்வேன். பதினாறாம் வாய்ப்பாட்டில் மூச்சு முட்டினால் வேகத்தைக் குறை. (மூச்சு முட்டாமலே பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுமாறும் பிள்ளைகளும் உண்டு, அது கணக்கு டீச்சர் பார்த்துக்கொள்ள வேண்டியது.) இப்போது 1,500 மீட்டரை எட்டரை நிமிடத்தில் முடிக்கிற பையனுக்கு இந்தப் பேச்சு வேகம் கிலோமீட்டருக்கு ஏழு, ஏழரை நிமிடமாக இருக்கும். சிலருக்கு அதுவும் வராது. இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று தொடங்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் முரண்டு பிடிப்பார்கள். "நடந்தா பசங்க சிரிப்பாய்ங்க டீச்சர்." சிரிக்கத்தான் செய்வார்கள். எனக்குத் தெரிந்து பயிற்சியில் மிகக் கடினமான பகுதி இதுதான். கால் வலியைப் பொறுத்துக்கொள்கிற பையனால், தன்னைத் தாண்டி இன்னொருவன் ஓடுவதைப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. அதனால் அப்படிப்பட்டவர்களை மைதானத்தில் விடாமல் கண்மாய்க் கரைக்கு அனுப்பிவிடுவேன். அங்கே டிராக் இல்லை, ரவுண்டு இல்லை, பந்தயத்துக்கு ஆள் இல்லை. மண் கரை காலுக்கும் நல்லது. செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்வேன். இருபது நிமிடம் போய் இருபது நிமிடம் திரும்பி வா, அவ்வளவுதான்.

வாரத்துக்கு நான்கு நாள் இப்படி. அரை மணி நேரம் நிற்காமல் ஓட வருகிறவரை வேறு எதுவும் வேண்டாம். பிறகு ஞாயிறு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒரு மணி நேரம். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைத்து ஓட வேண்டும். காலுக்கு அது சம்பளத்தோடு விடுப்பு. இரண்டு மாதம் போனபின், மெதுவோட்டம் முடிந்த கையோடு எண்பது மீட்டர், நூறு மீட்டர் என்று நாலைந்து தடவை நல்ல வேகத்தில், ஆனால் பல்லைக் கடிக்காமல், ஓடவைப்பேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு சமன்படும்வரை நடை. முழங்கை பின்னால் போகிறதா, தோள் இறங்கியிருக்கிறதா, பாதம் உடம்புக்கு ரொம்ப முன்னால் போய் விழுகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சமயம் கிடையாது. நிதானமாக ஓடிப் பழகிய உடம்பு ஓட்டத்தின் அழகைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது மாதத்துக்குப் பிறகுதான் நானூறு. வாரத்தில் ஒரே ஒரு நாள், 400 மீட்டர் நான்கு அல்லது ஐந்து தடவை, ஒவ்வொன்றும் 108 முதல் 110 விநாடி, நடுவில் இரண்டு நிமிடம் நடை. முதல் நானூறும் கடைசி நானூறும் ஒரே நேரத்தில் வர வேண்டும். முதலாவதை 85 விநாடியில் ஓடிக் காட்டுகிற வீரனை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். 1,500க்கு டைமிங் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

சாப்பாட்டைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். சொல்ல அதிகம் இல்லை. பச்சை முட்டை குடிப்பதில் பெருமை ஒன்றும் கிடையாது, வேகவைத்த முட்டையில் உள்ள புரதம்தான் உடம்பில் நன்றாகச் சேர்கிறது. டப்பா பவுடருக்குக் கொடுக்கும் காசில் கடலையும் வாழைப்பழமும் வாங்கலாம். வெயில் காலத்தில் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ போதும். வெயில் ஏறினால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும், ஆகவே பேச்சுக் கணக்கையே நம்புங்கள், கடிகாரத்தை அல்ல. தூக்கம் மட்டும் சமாதானம் செய்துகொள்ள முடியாதது. இரவு பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு, நெல் மூட்டை ஏற்றிவிட்டு, இரண்டு மணி நேரம் தூங்கி ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் சொல்வது, தூங்கு, சாயங்காலம் வா. பிடிவாதக்காரர்கள் கேட்பதில்லை.

பெண் பிள்ளைகளின் கதை வேறு விதமாக வருத்துவது. காவலர் தேர்வில் பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். நூறு மீட்டருக்கு 37 விநாடிக்கு மேல். நான் மேலே சொன்ன மெதுவோட்டத்துக்கு ரொம்பத் தூரமில்லை. இதே பிள்ளைகள் மத்திய ஆயுதப் படைகளுக்கான கான்ஸ்டபிள் தேர்வுக்கு விண்ணப்பித்தால் 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். ஓடிக் காட்டுகிறார்கள். மாநிலத்துக்கு மட்டும் ஏன் ஒரே ரவுண்டு? 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அதை வைத்து அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தது 1960இல். பெண்களின் மாரத்தான் 1984இல்தான். அந்தக் கால நினைப்பின் மிச்சம் ஒன்று நம் விதிமுறையில் ஒட்டிக்கொண்டிருப்பதாகவே எனக்குப் படுகிறது. குறைந்தது 800 மீட்டராக்குங்கள், ஓராண்டு முன்கூட்டி அறிவித்துவிட்டு. இப்போது என்ன நடக்கிறதென்றால், "நானூறுதானே" என்று பயிற்சி மையங்கள் பெண்களை மைதானத்துக்கே அனுப்புவதில்லை. தேர்வானபின் பயிற்சிப் பள்ளியில் தினமும் ஓடவேண்டி வரும்போது அந்தப் பிள்ளைகளின் கால் என்ன பாடுபடும்?

1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஆரம்பத்தில் கேலி பேசாத ஊர் இல்லை. பிறகு பழகிவிட்டது. கண்மாய்க் கரையில் தனியாக ஒரு பெண் ஓடுவதும் அப்படிப் பழக வேண்டும். ஆனால் இருட்டில், விளக்கில்லாத கரையில் ஓடு என்று எந்தப் பெண்ணிடமும் நான் சொல்ல மாட்டேன். அவளுக்குப் பூட்டாத பள்ளி மைதானமும், எரிகிற ஒரு விளக்கும், தண்ணீர் வரும் கழிப்பறையும் வேண்டும். காலை ஐந்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பள்ளி கேட்டைத் திறந்துவிட ஊராட்சிக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. 2017இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிய லட்சுமணன் எங்கள் மாவட்டத்துக்காரர். அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டிவிட்டு மைதானத்தைப் பூட்டிக்கொண்டு போவது நன்றாக இல்லை.

பயிற்சி மையம் நடத்துகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். ரிட்டன் ரிசல்ட் வந்தபிறகு மைதானம் என்ற முறையை விடுங்கள். அட்மிஷன் போட்ட வாரத்திலேயே ஓடவிடுங்கள், வாரம் நான்கு நாள், அரை மணி நேரம். படிப்பு கெட்டுவிடாது. நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது நல்லதும்கூட.

"அதெல்லாம் சரி டீச்சர், எனக்கு மூணு வாரம்தான் இருக்கு" என்று வருகிறவர்களும் உண்டு. மூன்று வாரத்தில் தம்மை வளர்க்க முடியாது. இருக்கிற தம்மைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக்கொள்ளலாம். வாரத்தில் மூன்று நாள் பேச்சு வேகத்தில் அரை மணி நேரம். ஒரு நாள் மட்டும் நான்கு நானூறு, ஒவ்வொன்றும் சரியாக 112 விநாடி, அதைவிட வேகமாக வேண்டவே வேண்டாம். அந்த வேகம் காலுக்கு மனப்பாடமாக வேண்டும். கடைசி ஐந்து நாள் லேசாக ஓடு, தூங்கு. தேர்வு நாளில் விசில் ஊதியதும் கூட இருக்கும் கூட்டம் முழுவதும் முதல் நூறு மீட்டரை 18 விநாடியில் பறக்கும். பறக்கட்டும், நீ 28இல் போ. முதல் 300 மீட்டர் 84 விநாடி. அடுத்த இரண்டு ரவுண்டு 112, 112. முன்னால் பறந்தவர்கள் இரண்டாவது ரவுண்டின் பாதியிலிருந்து ஒவ்வொருவராக உன் பக்கம் வருவார்கள். தாண்டும்போது வேகத்தைக் கூட்டாதே, வெளிப்பக்கமாகப் போ. கடைசி 200 மீட்டருக்கு முன்பு முக்க வேண்டாம். கோட்டைத் தொட்டதும் உட்காராமல் நடந்துகொண்டே இரு, அடுத்து கயிறு ஏற வேண்டியிருக்கும்.